மூன்றை இரண்டாக்கினேன்

நீளமாக ஒரு "பீப்", மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓர் இடைவெளி, மறுபடியும் நீளமாக இன்னொரு "பீப்". உயிர் வராமல் முரண்டு பிடிக்கும் பழைய கம்ப்யூட்டர் போடுகிற அந்தச் சத்தத்தை இன்றைக்கும் தெருவில் பின்னால் எடுக்கிற லொறி போட்டால் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன. எங்கள் தோட்டத்து மருந்துக்காம்பராவில், இருமலுக்கும் முதுகுவலிக்கும் மருந்து வாங்க நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அது கேட்டதும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்கள். "என்னா புள்ள, மெசினுக்கும் வயித்துவலியா? வரிசையில வரச் சொல்லு" என்று யாராவது சொல்ல, பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கைவிட்டு, சல்லிக்காசு மாதிரி இருக்கும் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, ஐம்பது வரை எண்ணிவிட்டுத் திரும்பப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தால் அது நான் மாற்றிவைத்த எண்களையெல்லாம் மறந்து, பழையபடி கிளம்பும். ஐம்பது வரை நான் ஒருநாளும் எண்ணியதில்லை. முப்பதிலேயே போட்டுவிடுவேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் கிடந்த மாதங்கள். தெமோதரைக்கு மேலே, பஸ் ஏறி முடித்த பிறகும் இரண்டு மைல் நடக்க வேண்டிய தோட்டம் எங்களுடையது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், அம்மா மலையில் கொழுந்து. வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் நான் சும்மா இருந்திருக்கிறேனா? ரேடியோவைக் கழற்றுவேன், டோர்ச்சைக் கழற்றுவேன், மணிக்கூட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டியபின் ஒரு பல்சக்கரம் மிஞ்சும். அம்மா என்னை "எறும்புக்கையி" என்றுதான் கூப்பிடுவாள். "இவ கையில எறும்பு ஊருதுங்க, ஒரு எடத்துல வைக்க மாட்டா" என்று எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் நான் திருந்தவில்லை.

எங்கள் மருந்துக்காம்பராவை நடத்தியவரை எல்லோரும் "டாக்டரய்யா" என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். உத்தியோகத்துக்கென்று வந்து பதினெட்டு வருடம் எங்கள் பனியில் இருந்துவிட்டவர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது, அடுத்த வருடம் ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விடுவதென்று முடிவு செய்திருந்தார். போவதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடத் துடித்தார். மருந்துக்காம்பரா அலுமாரியில் "பெறப்புப் பொஸ்தகம்" என்று நாங்கள் சொல்லும் தடித்த பதிவேடுகள் நான்கு இருந்தன. லயத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயர், தாய் தகப்பன் பெயர், தேதி எல்லாம் வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து அதில்தான் எழுதிவந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. தான் பிறந்தது நிஜம் என்று காட்ட அவர்களுக்கு இருந்ததெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி. அதையும் ஈரமும் பூச்சியும் தின்றுகொண்டிருந்தன.

"நான் போனாப் பிறகு இது அலுமாரியில கிடந்து மண்ணாப் போயிடும் பிள்ளை," என்றார் ஐயா. "எல்லாத்தையும் அடிச்சு, நான் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன் எண்டால், இவை எல்லாருக்கும் அட்டை எடுக்கலாம்."

அதற்காகப் பதுளையில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் அச்சு மெஷினையும் சொந்தக் காசில் வாங்கி, தேயிலைப் பெட்டியில் வைக்கோல் அடைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். ஹாலிஎலவில் டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் படித்துக்கொண்டிருந்த ஒரே தோட்டப் பிள்ளை நான். ஆக, ஜனவரி மாதம் முதல் காலை பத்து மணிக்கு மருந்துக்காம்பராவின் மூலையில் எனக்கொரு நாற்காலி.

இந்த வேலையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. அம்மா பதினைந்து வயதில் கூடை கட்டியவள். அந்த வருடத்தோடு அவளுக்கு ஐம்பது. ஐம்பது ஆன பெண்கள் தோட்டத்தில் பெயரை எடுத்துவிட்டு, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்துவைத்த சேமலாபத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். அதற்கு வயதைக் காட்ட ஓர் அட்டை வேண்டும். அம்மாவின் இரண்டு முழங்காலும் அப்போதே போய்விட்டிருந்தன. செங்குத்தான மலையில் இறங்கும்போது பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாகத் தேடித்தேடி இறங்குவாள். "அம்பது வரட்டும், கூடைய எறக்கி வச்சிட்டு, காலையில பெரட்டுக்குக் கூப்புடுறப்ப போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடப்பேன்," என்பாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு முப்பத்தைந்து வருடம் தவறாமல் போனவளுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. புத்தகத்தில் அம்மாவின் வரியை நானே தேடிப் பிடித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, பெப்ரவரி. அந்தப் பக்கத்தின் மேல் மூலையை, வருடம் எழுதியிருந்த இடத்தை, பூச்சி அரித்துவிட்டிருந்தது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வைத்து ஐயாதான் அது ஐம்பத்து மூன்று என்று கணித்துச் சொன்னார். தட்டச்சு செய்து முடித்து வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "இந்த வருசந்தானே? நல்லாப் பாத்தியா?" என்று மூன்று தரம் கேட்டாள்.

இனி என் கையிலிருந்த எறும்பின் கதைக்கு வருகிறேன். அந்தக் கம்ப்யூட்டர் மகா சோம்பேறி. நூறு பெயர் வரை ஓடியது, முந்நூறு தாண்டியதும் நொண்டியது. பெயர்களை லயம் வாரியாக அடுக்கு என்று சொல்லிவிட்டு, வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அந்த மணல்கடிகாரம் திரையில் நின்றுகொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலை ஆட்டுவேன், மேசையைத் தட்டுவேன், பெஞ்சில் இருப்பவர்களுக்கு மருந்து டிக்கெட் எழுதிக் கொடுப்பேன், திரும்பி வந்து பார்த்தால் அதே மணல்கடிகாரம்.

ஹாலிஎல வகுப்பில் பசறையிலிருந்து வரும் பையன்கள் சிலர் இருந்தார்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள். அவர்களுடைய பேச்செல்லாம் யாருடைய மெஷின் வேகம் என்பதுதான். "பஸ்ஸை ஏத்திட்டேன்", "மெமரியை டைட் பண்ணிட்டேன்" என்று பெரிய மனிதர்கள் மாதிரி பேசுவார்கள். அதன் அர்த்தம் கேட்டால் இளக்காரமாகச் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தா சிரிப்பு? கம்ப்யூட்டரோடு வந்த சின்னப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் அதைப் பிழிந்தெடுத்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். பெட்டிக்குள் இருக்கும் பெரிய பலகைக்கு ஒரு நாடித்துடிப்பு உண்டு. எங்களுடையது அறுபத்தாறில் துடித்தது. பலகையின் ஓரத்தில் குண்டூசித் தலை மாதிரி முனைகள் இருக்கும். அவற்றில் செருகியிருக்கும் கறுப்புத் தொப்பியை ஓரிடம் தள்ளிச் செருகினால் எண்பத்து மூன்றில் துடிக்கும். அது ஒன்று. மற்றது மெமரி. ஓர் எண்ணை எடுத்து வா என்று மெமரியிடம் சொன்னால், அது எடுத்துவர இத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்படி மூன்று இடத்தில் மூன்று காத்திருப்பு. எங்கள் மெமரிக்கு விதித்திருந்தது மூன்று-மூன்று-மூன்று. கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் நீலத் திரையொன்று வரும், அதில் அந்த மூன்றுகளை இரண்டாக்கலாம். காத்திருக்கும் நேரத்தையே எண்ணாக எழுதிவைத்து, அதைக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள் என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை இப்போதும் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்வேன். எனக்காகவே யாரோ செய்துவைத்த மாதிரி இருந்தது.

ஜனவரி முழுக்க அதுதான் வேலை. ஐயா வார்டுக்குப் போகும் நேரம் பார்த்துத் தகட்டைக் கழற்றுவேன். தொப்பியைத் தள்ளுவேன், எண்ணை மாற்றுவேன், "பீப்" போடும், பேட்டரியைப் பிடுங்குவேன், முப்பது வரை எண்ணுவேன். ஒருமுறை ஐயா வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ளை, அதுக்குப் பிரேதப் பரிசோதனையோ?"

"தூசி தட்டுறேங்க ஐயா."

"தூசி தட்டுறதுக்கு உதிரி உதிரியாக் கழட்ட வேணுமோ? பாத்துச் செய். எனக்கு வேகம் வேண்டாம், பிழை இல்லாமல் இருந்தால் காணும்."

அவர் சொன்னது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. ஜனவரி முடிவதற்குள் எண்பத்து மூன்றில், மூன்று-இரண்டு-இரண்டில் அது நின்றது. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லை. தேத்தண்ணி குடிக்கிற நேரம் வாயைத் துடைக்கிற நேரமாகிவிட்டது. பசறைப் பையன்களிடம் போய்ச் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை, அது எனக்கு இன்னும் நன்றாக இருந்தது. ஜனவரி என்றால் எங்கள் மலையில் பனி வாசலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற மாதம், பகல் பன்னிரண்டு மணிக்கும் கை விறைக்கும், அந்தக் குளிரில் எந்த மெஷினும் தாக்குப்பிடிக்கும் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

பெப்ரவரி கடைசியில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பெயரும் அடித்து முடித்தாயிற்று. ஒரு பிரதி அச்செடுத்தோம். ஐயா அதை எடுத்துக்கொண்டு ஐந்து பிற்பகல்கள் உட்கார்ந்து, நான் புத்தகத்திலிருந்து சத்தமாக வாசிக்க, வரிக்கு வரி சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துச் சரிபார்த்தார். பதினோரு பிழை. பதினொன்றும் என் தட்டச்சுப் பிழை. திருத்தினேன். அம்மாவின் வரியில் ஐம்பத்து மூன்று என்றே இருந்தது, அதன் மேல் சிவப்புப் புள்ளியும் இருந்தது.

மார்ச்சில் பதுளை அட்டை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: ஒரு பிரதி போதாது, மூன்று வேண்டும், அதுவும் லயம் வாரியாகப் பிரித்து வேண்டும். உடனே கொடுத்தால் அந்த மாதமே விண்ணப்பங்களை எடுத்துக்கொள்வார்கள். பட்டியலைப் பிரிக்க வேண்டும், அடுக்க வேண்டும், மறுபடி மறுபடி அடுக்க வேண்டும். எறும்பு விழித்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒரு மூன்றையும் இரண்டாக்கினேன். இரண்டு-இரண்டு-இரண்டு. "பீப்" போடவில்லை, சமர்த்தாகக் கிளம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் எங்கள் பக்கம் மழையில்லாத மாதம். தகரக் கூரை காலை பத்து மணிக்கே சுடும். போதாததற்கு என் மேசைக்குப் பக்கத்து மேடையில்தான் ஊசிகளை வேகவைக்கிற பாத்திரம் இருந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற வாரமாகையால் அது நாள் முழுக்கக் கொதித்து, என் முகத்திலும் பெட்டியிலும் ஆவி அடித்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் எந்தச் சூட்டையும் காணாத மெமரி இப்போது வெந்தது. வெந்த மெமரி இரண்டு துடிப்பில் எடுத்துவரச் சொன்னால் அவசரத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துவரும். ஆனால் அது நின்றுபோகவில்லை, "பீப்" போடவில்லை, திரை நீலமாகி உறையவில்லை. பெயர்களில் மட்டும் அங்கங்கே ஓர் எழுத்து கோணலாக மாறியிருந்தது. ராமாயி என்று இருக்க வேண்டிய இடத்தில் படிக்கவே முடியாத ஏதோ ஒன்று. என் விரல்தான் வழுக்கியிருக்கிறது என்று நினைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தினேன். பெயர் கெட்டால் கண்ணில் படும். தேதி கெட்டால் அதுவும் ஒரு தேதியாகத்தான் தெரியும்.

மூன்று பிரதியும் அச்சாகி முடிய ஒன்றரை நாள் ஆனது. அச்சு மெஷின் தன் பாட்டுக்குத் தன் வேகத்தில் "க்ர்ர்" என்று ஊர்ந்ததே தவிர, நான் மெமரியை முறுக்கியது அதற்குத் தெரியவே தெரியாது. அந்த ஒன்றரை நாளில் நான் மிச்சம்பிடித்தது, எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஐந்து நிமிடம் இருக்கும்.

கையெழுத்து வைக்க உட்கார்ந்தபோது ஐயா கேட்டார், "முந்திப் பாத்ததுதானே பிள்ளை இது?"

"அதேதாங்க ஐயா. லயம் லயமாப் பிரிச்சிருக்கு, அவ்வளவுதான்."

அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார்.

அட்டைகள் ஆகஸ்ட்டில் வந்தன. பெரட்டுக் களத்தில் வைத்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள், திருவிழா மாதிரி இருந்தது; வாழ்நாளில் முதல்முறையாகத் தன் படம் போட்ட கடுதாசியைப் பார்த்தவர்கள் அதைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். முதல் சிரிப்பு மேல் லயத்து இரட்டையர்களால் வந்தது. இருவரும் ஒரே நாளில் கால்மணி நேர இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவன் அட்டையில் எண்பத்தொன்று, மற்றவன் அட்டையில் எண்பத்தைந்து. "ரெண்டாவது புள்ளைக்கு நாலு வருசம் நோவு எடுத்திருக்கு போல ஒங்க ஆத்தாளுக்கு" என்று கங்காணி சொல்ல, களமே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவின் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐம்பத்தேழு.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "என்னாடி போட்டிருக்கு?" என்றாள். "பெறகு சொல்றேம்மா" என்று மருந்துக்காம்பராவுக்கு ஓடினேன்.

புத்தகத்தையும் அச்சுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அன்று முழுக்கப் பார்த்தேன். ஒன்பது பேருடைய தேதி பிழை. இரண்டு ஆறாகியிருந்தது, ஒன்று ஐந்தாகியிருந்தது, மூன்று ஏழாகியிருந்தது. எங்கு மாறியிருந்தாலும் வித்தியாசம் சரியாக நான்கு. விரல் வழுக்கினால் இப்படி வராது. மெமரிக்குள் ஏதோ ஓர் இடத்தில் நான்கு என்ற மதிப்புள்ள ஒரே புள்ளிதான் சூட்டிலும் அவசரத்திலும் மறுபடி மறுபடி தவறியிருக்கிறது. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. அவ்வளவு சுத்தமாக என் பிழை.

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொப்பியைத் தள்ளியது முதல். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த ஒன்பது வரிகளையும் தானே ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ செய்தது பிழை," என்றார் கடைசியில். "நான் பாக்காமல் கையெழுத்து வைச்சது அதைவிடப் பெரிய பிழை. நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பதுளைக்குப் போவம்."

பதுளையில் அந்த அலுவலகத்தில் இருந்தவர் சிங்களவர், வயதானவர், பொறுமையானவர். அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஐயா பிறப்புப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தட்டச்சுப் பிழை என்று எழுதிக் கொடுத்தார். எட்டுப் பேருக்கு அந்த அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஒன்பதாவது அம்மா. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் பூச்சி தின்ற மூலையை விரலால் தடவினார். வருடம் இல்லையே என்றார். முன்பக்கம் பின்பக்கம் காட்டினோம், ஐயா சிவப்புப் புள்ளி வைத்த பழைய பிரதியையும் காட்டினோம். அது ஊகம், ஊகத்தை வைத்து அரசாங்க அட்டையை மாற்ற முடியாது, டாக்டர் முதலில் கையெழுத்து வைத்துக் கொடுத்தது ஐம்பத்தேழு என்றால் அதுதான் நிற்கும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு எப்போதுதான் பொறுத்தது? அரைகுறைச் சிங்களத்தில் எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தேன்: இது டாக்டரின் பிழையல்ல, என் பிழை, கம்ப்யூட்டரை நான் வேகமாக்கினேன், அது எண்களை மாற்றிவிட்டது, இந்த எட்டிலும் வித்தியாசம் நான்குதான், கழித்துப் பாருங்கள், அம்மாவுக்கும் அதே நான்கு, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். அதுவரை இருந்த தயவு முகத்தில் இல்லை. கம்ப்யூட்டர் தானாக எண்களை மாற்றியது என்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் இந்த ஒன்பதை மட்டும்தான் மாற்றியது என்று எப்படித் தெரியும், மற்றத் தொள்ளாயிரம் பேருடைய தாளை நான் எதற்காக நம்ப வேண்டும், எல்லாவற்றையும் நிறுத்திவைத்து மேலிடத்துக்கு எழுதுவதுதானே என் கடமை என்று கேட்டார்.

ஐயாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். புத்தகத்தில் பூச்சி தின்ற பக்கம் அது ஒன்றுதானா? எத்தனையோ. அத்தனை பேருக்கும் ஊகத்தில்தான் வருடம் போட்டிருந்தோம். எல்லாம் மேலிடத்துக் கோப்புக்குள் போனால் மறுபடி எப்போது வெளியே வரும்? ஐயாவோ அடுத்த வருடம் ஊருக்குப் போகிறவர். நான் மறுபடி பேச வாயைத் திறந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, கிராமத்துப் பெண்களோடு இருபது வருடம் சந்தையில் பேசிய சிங்களம் என்னுடையதைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்கு விளங்கியிருந்தது. "வாய மூடிக்கிட்டு உக்காருடி," என்று என்னிடம் தமிழில் சொன்னாள். பிறகு அந்த அதிகாரியைப் பார்த்துக் கைகூப்பி, "பனஸ் ஹத ஹரி, மாத்தயா" என்றாள். ஐம்பத்தேழுதான் சரி. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் பேசுகிறது, நான் பிறந்தது ஐம்பத்தேழில்தான் என்று என் தாயே சொல்லியிருக்கிறாள் என்று, கண் இமைக்காமல், தன் வயதில் நான்கைத் தானே கழித்துச் சொன்னாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். பேனாவை எடுத்து எட்டுப் பேரின் தாளில் கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஐயா முன் சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பஸ் ஹாலிஎலவைத் தாண்டியது. நான், "ஏம்மா அப்புடிச் சொன்ன?" என்றேன்.

"வேற என்னா சொல்லச் சொல்ற? நம்ம லயத்துலயே எத்தன பேரு அந்தக் கடுதாசிய நம்பிக்கிட்டு இருக்காங்க. எனக்காக அத்தனையும் போகணுமா?" என்றவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நாலு வருசம்டி. ஒங் கையி சும்மா இருந்திருந்தா நான் அடுத்த மாசம் உக்காந்திருப்பேன். நாலு வருசம் இந்தக் காலோட நான் எப்புடி ஏறுவேன்?" என்றாள். அம்மா பெருந்தன்மையாக என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் பொய். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் நகர்த்துகிற விதத்திலேயே அவள் கோபம் தெரியும். அப்பாவிடமும் தப்பவில்லை. தொழிற்சாலையில் உருட்டிய இலை எத்தனை நிமிடம் ஆற வேண்டுமோ அத்தனை நிமிடம் பொறுத்தே பழகிய மனிதர் அவர். "ஒனக்கு என்னத்துக்கு அவ்வளவு அவசரம்? எங்க போறதுக்கு?" என்று ஒரேயொரு தரம் கேட்டார்.

பதுளையிலிருந்து வந்த அன்றைக்கே மூன்று-மூன்று-மூன்றுக்குத் திருப்பி, தொப்பியை அறுபத்தாறுக்குத் தள்ளி, தகட்டை நான்கு ஆணியும் போட்டு இறுக்கினேன். பட்டியல் முழுவதையும் தொடக்கத்திலிருந்து சரிபார்த்தேன். வேறு பிழை இல்லை. ஐயா அடுத்த சித்திரையில் ஓய்வு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார்; போகும்போது அம்மாவைக் கூப்பிட்டு, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் ஒரு பெரிய போத்தல் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா இரண்டாயிரத்து ஏழு வரை மலையேறினாள். இடையில் நின்றால் சேமலாபம் கைக்கு வராது, நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், பிறகு கொழும்பில் வகுப்பு. விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காலையில் பெரட்டுக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து, காலைக் கையால் பிடித்துத் தரையில் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போர்வைக்குள்ளிருந்து பார்ப்பேன். எழுந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கக்கூட எனக்குத் தைரியம் வருவதில்லை.

இப்போது நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். இப்போதைய மெஷின்கள் மெமரிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமென்று தாமே கேட்டறிந்து தாமே வைத்துக்கொள்கின்றன; கறுப்புத் தொப்பிகள் போய்விட்டன, அந்த நீலத் திரையும் போய்விட்டது, "பீப்" சத்தம் போடுகிற குட்டி ஒலிபெருக்கியைக்கூட இப்போது வைப்பதில்லை. எங்கள் தோட்டத்தில் மருந்துக்காம்பராவைப் பூட்டிவிட்டார்கள்; சளி காய்ச்சலுக்கும் ஹாலிஎலவுக்குத்தான் போக வேண்டும். பிறப்புப் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா பயந்த மாதிரியே ஆகிவிட்டது, ஆனால் அதற்குள் அவருடைய தொள்ளாயிரம் பேருக்கும் அட்டை இருந்தது.

அம்மா பெயரை எடுத்தபின் ஆறு வருடம் வீட்டில் இருந்தாள். பத்து வருடம் இருந்திருக்க வேண்டும். இறப்பைப் பதிய நான்தான் போனேன். வயது என்ன என்று பதிவாளர் கேட்டார். அறுபது என்றேன். அவர் அம்மாவின் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒருமுறை கழித்துச் சரிபார்த்து, ஐம்பத்தாறு என்று எழுதினார். எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.